ஷீட் போட்ட மாடியில் ராக் கச்சேரி: எப்படிப் படம் பிடிப்பது?

சத்துவாச்சாரியில் ஒரு காபிக் கடையின் மாடி. மேலே தகர ஷீட், 20-க்கு 40 அடி இடம், நெருக்கி நின்றால் 70 பேர். மே மாதம் ஒரு சனிக்கிழமை மாலை உங்கள் நண்பர்கள் நாலு பேர் அங்கே வாசிக்கப் போகிறார்கள். பாடகர் ரிதம் கிடாரும் வாசிப்பார், அவரோடு லீட் கிடார், பேஸ், டிரம்ஸ். ஐந்து சொந்தப் பாட்டு, மூன்று ஆங்கிலப் பாட்டு. உங்களிடம் இரவல் வாங்கிய ஒரு மிரர்லெஸ் கேமரா, கிட் லென்ஸ், ஒரு 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸ், இரண்டு போன். போன தடவை எடுத்ததில் முகமெல்லாம் நீலம், சத்தமெல்லாம் கிழிசல். இந்தத் தடவை என்ன கேமரா வாங்கலாம், எப்படி எடுக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

தம்பி, கேமரா எதுவும் வாங்க வேண்டாம். இருப்பதே போதும். காசு இருந்தால் ஒலிக்குச் செலவு செய்யுங்கள். நேரம் இருந்தால் அவர்களுடைய ப்ராக்டிஸில் போய் உட்காருங்கள். நான் வேலூரிலும் ஆற்காடு, ராணிப்பேட்டை பக்கமும் கல்யாண வீடியோ எடுக்கிறவன். கல்லூரிப் பிள்ளைகளின் பேண்டுகளையும் பத்து வருடத்துக்கு மேலாக எடுத்து வருகிறேன். ஒலி, ப்ராக்டிஸ் என்ற இந்த இரண்டையும் முதலில் சொல்லாமல் லென்ஸைப் பற்றிப் பேச எனக்கு மனசு வரவில்லை.

முதல் தடவை ஒரு பேண்டை எடுக்கப் போனபோது, மண்டபத்தில் ரிசப்ஷனுக்கு லைட் மியூசிக் எடுக்கிற மாதிரியே எடுத்தேன். மேடை, அப்படியே திருப்பிக் கூட்டம், மறுபடி மேடை. லைட் மியூசிக்கில் அது செல்லும். பாட்டு ஊருக்கே தெரிந்த பாட்டு, பல்லவி எப்போது திரும்பும் என்று நம் உடம்புக்கே தெரியும். அந்தப் பையன்களின் பாட்டை நான் அதற்குமுன் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. லீட் கிடார் வாசித்தவர் இரண்டு மாதம் உட்கார்ந்து செதுக்கிய சோலோ வந்த நேரத்தில் என் கேமரா கைதட்டுகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. திரும்பி வந்து ஃபோகஸ் பிடிப்பதற்குள் முடிந்துவிட்டது. வீடியோவைப் பார்த்துவிட்டு அவர் ஒன்றும் சொல்லவில்லை, மெதுவாக லேப்டாப்பை மூடினார். அன்றிலிருந்து பாட்டு தெரியாமல் எந்த பேண்டுக்கும் நான் கேமரா தூக்குவதில்லை.

ஆகவே கச்சேரிக்குமுன் குறைந்தது இரண்டு ப்ராக்டிஸுக்குப் போங்கள். போனில் ஒலியை மட்டும் பதிவு செய்து பஸ்ஸில் போகும்போது கேளுங்கள். ஒரு நோட்டில் ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, எங்கே யார் தொடங்குகிறார், எங்கே எல்லோரும் நிறுத்தி டிரம்ஸ் மட்டும் ஓடுகிறது, சோலோ எத்தனை பார் (ஒரு தாளச் சுற்றுதான் ஒரு பார்) என்று எழுதுங்கள். எண்ணப் பழகுங்கள். நிமிடத்துக்கு 120 தாள அடி வேகத்தில் போகும் நாலு தாளப் பாட்டில் ஒரு பார் 2 விநாடி, எட்டு பார் 16 விநாடி. இந்தக் கணக்கு மனதில் ஓடினால், சோலோ தொடங்குவதற்கு நாலு விநாடி முன்பே நீங்கள் கிடார்காரரின் இடது கைக்கு எதிரே உட்கார்ந்திருப்பீர்கள்.

இப்போது ஒலி. போன தடவை கிழிந்தது போனின் மைக். டிரம்ஸுக்கும் கிடார் ஆம்ப்புக்கும் பத்தடிக்குள் நின்றால் சத்தம் 100 டெசிபெல்லைச் சாதாரணமாகத் தாண்டும். பேச்சைப் பிடிப்பதற்காக வைத்த மைக் அதைத் தாங்காது, ஒலி அலையின் தலை வெட்டுப்பட்டுப் போகும். வெட்டுப்பட்டதை எந்த சாஃப்ட்வேராலும் முழுசாக ஒட்ட முடியாது.

இதற்குப் பயந்து எல்லோரும் அடுத்து செய்வது, மைக் செட் அண்ணனிடம் போய் மிக்ஸரிலிருந்து ஒரு ஒயர் கேட்பது. அவரும் "எல்லாம் மிக்ஸர்லதான் தம்பி வருது, எடுத்துக்கோ" என்று கொடுத்துவிடுவார். வீட்டில் வந்து கேட்டால் குரல் மட்டும் காதுக்குள் நிற்கும், டிரம்ஸ் எங்கோ அடுத்த தெருவில் கேட்கும், கிடார் இருக்கவே இருக்காது. அவர் மேல் தப்பில்லை. சின்ன இடத்தில் டிரம்ஸும் ஆம்ப்பும் தாமாகவே அறையை நிரப்பிவிடுகின்றன, அவற்றை ஸ்பீக்கரில் ஏற்றத் தேவையே வருவதில்லை. குரல்தான் எழும்பாது, அதைத்தான் அவர் ஏற்றுகிறார். அறையில் எது குறைவாக இருந்ததோ அதுதான் மிக்ஸரிலிருந்து உங்கள் ஒயருக்கு வருகிறது.

அதனால் ஸ்பீக்கருக்குப் போகும் மெயின் அவுட் வேண்டாம், தனிக் கலவையாக வெளியே எடுக்கும் ஆக்ஸ் அவுட் ஒன்றைக் கேளுங்கள், ஸ்பீக்கரின் அளவை ஏற்றி இறக்கினாலும் அது மாறாதபடி ப்ரீ ஃபேடரில் வைத்துத் தரச் சொல்லுங்கள். கிடார் ஆம்ப்புக்கு முன்னால் ஷூர் எஸ்எம்57 மாதிரி ஒரு டைனமிக் மைக், காலால் அடிக்கும் கிக் டிரம்முக்கு ஒன்று, டிரம்ஸுக்கு மேலே ஒன்று. இவற்றை ஸ்பீக்கருக்கு ஏற்றாமல் உங்கள் ஆக்ஸுக்கு மட்டும் அனுப்பலாம். ஊரில் வாடகைக்கு வரும் மிக்ஸர்களில் பெரும்பாலும் ஒரு ஆக்ஸாவது சும்மாதான் கிடக்கும். அவரிடம் பெரிங்கர் எக்ஸ்ஆர்18 மாதிரி டிஜிட்டல் மிக்ஸர் இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம். ஒரே யூஎஸ்பி ஒயரில் 18 சேனலும் தனித்தனியாக லேப்டாப்புக்கு வந்துவிடும், கலப்பதை வீட்டில் நிதானமாகச் செய்யலாம். எதுவானாலும் அந்த அண்ணனிடம் கச்சேரி அன்றைக்குப் போய்க் கேட்காதீர்கள். இரண்டு நாள் முன்பே நேரில் பார்த்து, ஒரு டீ வாங்கிக் கொடுத்து, பேப்பரில் வரைந்து காட்டுங்கள். அன்றைக்கு அவருக்கு ஆயிரம் வேலை.

இதோடு அறையின் ஒலியும் வேண்டும். ஜூம் எச்5 மாதிரி ஒரு ரெக்கார்டரில் தலையிலேயே இரண்டு மைக் இருக்கும், கீழே வேறு இரண்டு இன்புட் இருக்கும். மேடையிலிருந்து 10, 12 அடி தள்ளி, எட்டடி உயர ஸ்டாண்டில் அதை ஏற்றி, மிக்ஸரின் ஆக்ஸ் ஒயரையும் அதற்கே நீட்டிக் கொடுங்கள். அறையும் மிக்ஸரும் ஒரே கருவியில் பதிவானால் ஒன்றுக்கொன்று விலகாது. இரண்டு தனிக் கருவிகளில் பதிவு செய்தால் ஒவ்வொன்றின் உள்கடிகாரமும் கொஞ்சம் வேறாக ஓடும், ஒரு மணி நேரத்தில் உதடும் குரலும் ஒட்டாமல் போகிற அளவுக்குக்கூட விலகலாம். ரெக்கார்டரைச் சுவர் மூலையில் வைக்க வேண்டாம், பேஸ் அங்கே போய்க் குவியும். காபி மிஷின் பக்கமும் வேண்டாம். ஆக்ஸில் வருவது மைக்கைவிட வலுவான லைன் அளவு, மைக் இன்புட்டுக்கு அது அதிகம். அதைக் குறைக்கும் பேட் சுவிட்ச் இருந்தால் போடுங்கள், இல்லாவிட்டால் அட்டெனுவேட்டர் வைத்த ஒயர் வாங்குங்கள், சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். ஆட்டோ லெவலை அணைத்துவிடுங்கள். சவுண்ட் செக்கில் உச்சம் மைனஸ் 18 டெசிபெல்லை ஒட்டி நிற்கும்படி வையுங்கள். கூட்டம் வந்து நின்றதும் எல்லோரும் கையை ஓங்கித்தான் வாசிப்பார்கள், சவுண்ட் செக்கைவிட 6 டெசிபெல் ஏறுவது சாதாரணம். 32 பிட் ஃப்ளோட் ரெக்கார்டர் இருந்தால் லெவலே பார்க்க வேண்டாம் என்பார்கள். அது கருவியின் உள்ளே நடக்கும் கிளிப்பிங்கை, அதாவது அந்தத் தலைவெட்டை, மட்டும்தான் காப்பாற்றும். மைக்கின் சவ்வே தாங்காத சத்தத்துக்கு அதனிடம் மருந்து கிடையாது.

தகர ஷீட் ஒலிக்குப் பெரிய தொல்லை. சிம்பல் அடிக்கிற ஒவ்வொரு தடவையும் மேலே போய் மோதித் திரும்பும். டிரம்ஸுக்கு அடியில் கனமான பவானி ஜமக்காளம் ஒன்று, பின் சுவரில் ஷாமியானா துணியை மடிப்பு மடிப்பாகத் தொங்கவிட்டு ஒரு மறைப்பு. மண்டபத்துக்குச் சாமான் தருகிறவர்களிடமே வாடகைக்குக் கிடைக்கும். துணி கருப்பாகவோ அடர் மெரூனாகவோ இருந்தால் படத்துக்கும் நல்ல பின்னணி. வெள்ளைச் சுவரைவிட ஆயிரம் மடங்கு மேல்.

மின்சாரத்தில் விளையாட வேண்டாம். ரெக்கார்டரில் "ம்ம்ம்" என்று 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் வந்தால் சிலர் பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றிவிடுவார்கள். கிடார்க் கம்பியில் கையும் மைக்கில் உதடும் வைத்திருக்கும் பாடகருக்கு அது உயிராபத்து. ஒயருக்கு நடுவில் டிஐ பாக்ஸ் என்ற சின்னப் பெட்டியைப் போட்டு அதிலுள்ள கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டுங்கள், அல்லது லேப்டாப்பை பேட்டரியில் ஓட்டுங்கள். ஆம்ப், மிக்ஸர், ரெக்கார்டர் மூன்றுக்கும் ஒரே இடத்திலிருந்து கரண்ட் எடுங்கள். லைட்டுக்கு வேறு லைன். கரண்ட் போய் கடையின் இன்வெர்ட்டர் எடுத்தால், அது சைன் வேவ் இன்வெர்ட்டராக இல்லாவிட்டால் ஆம்ப்பெல்லாம் தேனீ மாதிரி ரீங்கரிக்கும். இதை முன்கூட்டியே ஒரு தடவை மெயினை அணைத்துப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

அடுத்து அந்த நீல முகம். அது கேமராவின் குறை இல்லை. மேடைக்கு வைக்கும் எல்இடி பார் (PAR) லைட்டில் நீலத்தை மட்டும் எரியவிட்டால் சென்சாரின் நீலச் சேனல் ஒன்றே நிரம்பி வழியும், சிவப்பும் பச்சையும் வெறுமையாக இருக்கும். மூக்கு, கன்னம், கண் என்று பிரித்துக் காட்ட அங்கே தகவலே இருக்காது. பிறகு எடிட்டில் என்ன தேய்த்தாலும் வராது. லைட்டுக்காரரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: முன்பக்கம் இரண்டு ஓரத்திலிருந்தும், தலைக்குமேல் உயரத்தில், மஞ்சள் கலந்த வெள்ளை லைட் இரண்டு, கச்சேரி முழுக்க அணையாமல். நீலம், சிவப்பு, ஊதா எல்லாம் பின்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும் வரட்டும். தலைமுடி ஓரத்தில் அந்த நிறம் பிடித்தால் அவ்வளவு அழகு.

விலை குறைந்த எல்இடி பார் லைட்டுகளில் இன்னொரு சங்கதி. அவை வெளிச்சத்தைக் குறைப்பதே வேகமாக அணைந்து எரிந்துதான். கண்ணுக்குத் தெரியாது, கேமராவில் பட்டை பட்டையாக ஓடும். முழு வெளிச்சத்தில் வைத்தால் பெரும்பாலும் பட்டை வராது. எனவே "குறைக்காதீங்க அண்ணா, வேணும்னா ஒரு லைட்டை அணைச்சிடுங்க, இல்ல தள்ளி வைங்க" என்று சொல்லுங்கள். ஸ்ட்ரோப் வேண்டவே வேண்டாம். இந்தக் கேமராக்கள் பிரேமை மேலிருந்து கீழாக வரி வரியாகப் படிப்பவை, ஒரு மின்னலில் பாதிப் பிரேம் வெள்ளையாகவும் பாதி இருட்டாகவும் வரும்.

நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப் லைட்டும் மலிவான பல்பும் விநாடிக்கு 100 தடவை துடிக்கும். விநாடிக்கு 25 பிரேம், ஷட்டர் 1/50 என்று வைத்தால் ஒவ்வொரு பிரேமிலும் சரியாக இரண்டு துடிப்பு விழும், வெளிச்சம் நிலையாக நிற்கும். போன் தானாக 30 பிரேமுக்குப் போகும், அதைத் தடுங்கள். சில போன்களின் கேமரா செட்டிங்கில் பால் (PAL) என்று ஒரு தேர்வு இருக்கும், அதை இயக்கினால்தான் 25 கண்ணில் படும். அதுவும் இல்லையென்றால் பிளாக்மேஜிக் கேமரா என்ற இலவச ஆப்பை உங்கள் போன் ஏற்குமா பாருங்கள், ஷட்டர், ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கான உணர்திறன்) எல்லாவற்றையும் பூட்டலாம். மூன்று கருவியும் 25, மூன்றும் 1/50, மூன்றிலும் ஒயிட் பேலன்ஸ் ஒரே எண். 4000 கெல்வினில் தொடங்கி முன் லைட்டில் ஒரு முகத்தைப் பார்த்துச் சரிசெய்யுங்கள். ஐஎஸ்ஓ-வை ஆட்டோவில் விட்டால், லைட் மாறும் ஒவ்வொரு தடவையும் கேமரா மூச்சுவிடுகிற மாதிரி படம் ஏறி இறங்கும். முகத்துக்கு அளந்து பூட்டிவிடுங்கள். மூலை இருட்டாக இருந்தால் இருக்கட்டும், ராக் கச்சேரிக்கு இருட்டு அழகுதான்.

மூன்று கேமராவை எங்கே வைப்பது? ஒரு போனை அகலப் படத்துக்கு ஒதுக்குங்கள். அறையின் பின்பக்கம் மேசைமேல் ஸ்டாண்ட் போட்டு, நிற்பவர் தலை மறைக்காதபடி தரையிலிருந்து ஏழரை அடி உயரத்தில், நாலு பேரும் தெரியும்படி. ரெக்கார்ட் அழுத்திய பிறகு கச்சேரி முடியும்வரை யாரும் தொடக் கூடாது. ஏரோப்ளேன் மோட், பவர் பேங்க் இணைப்பு, ஸ்டாண்டின் காலுக்கடியில் ரப்பர் பாய். பேஸ் அதிர்வு தரையில் ஏறும். இரண்டாவது போன் டிரம்ஸுக்கு. அதை டிரம்மருக்கு இடப்பக்கம், ஹை ஹாட் சிம்பலுக்குச் சற்றுப் பின்னால், தோள் உயரத்தில் வைத்தால் அவர் கையும் முகமும் வரும், அவருக்கு அப்பால் மற்ற மூன்று பேரின் முதுகும் கூட்டமும் வரும். சின்ன இடத்தில் டிரம்மரை முன்னாலிருந்து யாராலும் எடுக்க முடியாது, பாடகர் மறைத்துக்கொண்டே இருப்பார். மிரர்லெஸ் உங்கள் கையில், 50 எம்எம் லென்ஸோடு. கிட் லென்ஸை முதல் பாட்டுக்கும் கடைசிப் பாட்டுக்கும் மாற்றிக்கொள்ளலாம். கருப்புச் சட்டை போடுங்கள், நடுவில் நிற்காதீர்கள், ஓரத்தில் முட்டி போட்டு உட்காருங்கள். காசு கொடுத்து வந்தவர் கண்ணை மறைத்து எடுக்கிற எந்தப் படமும் எனக்குப் பிடிக்காது.

எஃப் 1.8-இல் முழுக்கத் திறந்து எடுக்க ஆசை வரும். பாடகர் மைக்குக்குப் பின்னால் அரை அடி ஆடினாலே ஃபோகஸ் மைக்கின் வலையில் போய் ஒட்டிக்கொள்ளும். 2.8-இல் வையுங்கள், ஐஎஸ்ஓ ஏறினால் ஏறட்டும். கொஞ்சம் மணல் மாதிரிப் புள்ளி தெரிகிற படத்தை யாரும் பாதியில் நிறுத்துவதில்லை, முகம் மங்கிய படத்தை நிறுத்திவிடுவார்கள்.

கையில் கேமரா இருக்கும்போது என்ன எடுப்பது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. வாசிக்கிறவர்கள் ஒருவரையொருவர் கேட்கிற தருணங்களைத் தேடுங்கள். ஒரு பாட்டு முடியப் போகும்போது மற்ற மூன்று பேரும் டிரம்மரைப் பார்ப்பார்கள், அவர் தலை அசைப்பார், எல்லோரும் சேர்ந்து இறங்குவார்கள். அந்த அரை விநாடி ஒரு பேண்டின் உயிர். பேஸ் வாசிப்பவர் டிரம்மரின் வலது காலைப் பார்த்துக்கொண்டே வாசிப்பார், பாருங்கள். கிக் அங்கேதான் இருக்கிறது. பாடகர் வரியை மறந்தால் ரிதம் கிடாரின் கை முதலில் தயங்கும், பிறகுதான் முகம். லீட் கிடார்காரர் சோலோவுக்குமுன் பெடலை மிதிக்கக் கீழே பார்ப்பார். பெரிய மேடையில் இதெல்லாம் நாற்பதடி தூரத்தில் நடக்கும், ஜூம் போட்டாலும் ஒட்டாது. வேலூரில் விஐடி பல்கலைக்கழகத்தின் ரிவியரா கலைவிழாவுக்கு வருகிற கூட்டத்தின் முன்னால் எந்தக் கேமராவாலும் இவ்வளவு பக்கத்தில் போய் உட்கார முடியாது. சத்துவாச்சாரி மாடியில் நீங்கள் கைநீட்டினால் தொடும் தூரத்தில் இருக்கிறீர்கள். சின்ன இடம் உங்களுக்குத் தருவது அதுதான்.

ஒரு ஷாட்டில் உட்கார்ந்தால் எட்டு பாராவது அசையாமல் இருங்கள். இடம் மாறுவது அடுத்த பகுதி தொடங்குகிற இடத்தில் மட்டும். ஆடிக்கொண்டே, தேடிக்கொண்டே எடுத்த ஒரு மணி நேரத்தைவிட அசையாத எட்டு பார் ஷாட் முப்பது கையில் இருந்தால் எடிட் தானாக விழும். மாலையில் சவுண்ட் செக்குக்கே பேண்டை அதே சட்டையில் வரச் சொல்லுங்கள். அப்போது கிடார்க் கழுத்து, பெடல்மேல் ஷூ, ஸ்னேர் டிரம்மேல் குச்சி என்று மிக நெருங்கிய படங்களை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கச்சேரியில் எங்காவது ஃபோகஸ் தவறிய இரண்டு விநாடியை அவை மூடும்.

காதில் பிளக் போட்டுக்கொள்ளுங்கள். இதை வேண்டிக் கேட்கிறேன். 85 டெசிபெல்லில் எட்டு மணி நேரம், அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் நேரம் பாதி என்பது அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் வகுத்த வரம்பு. அந்தக் கணக்கில் 100 டெசிபெல்லுக்கு 15 நிமிடம்தான். நீங்கள் ஆம்ப்புக்கு முன்னால் ஒன்றரை மணி நேரம் உட்காரப் போகிறீர்கள்.

மே மாதத்து வேலூரைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆறு மணிக்கும் அந்த ஷீட் அனலைக் கக்கிக்கொண்டிருக்கும். மிரர்லெஸ் கேமராக்கள் 4கே-யில் நீண்ட நேரம் ஓடினால் சூடேறித் தாமாக அணைந்துவிடக்கூடும். திரையைக் கேமராவின் உடம்பிலிருந்து வெளியே இழுத்து வையுங்கள், பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் நிறுத்துங்கள், சூடு எச்சரிக்கை வந்தால் தயங்காமல் 1080-க்கு இறங்குங்கள். பழைய மாடல்கள் சில 29 நிமிடம் 59 விநாடியில் தாமாக நிற்கும். 30 நிமிடத்துக்குமேல் பதிவாகும் கருவியை ஐரோப்பா வீடியோ கேமரா என்று கணக்கிட்டு அதிகச் சுங்கம் வாங்கியதால் வந்த பழக்கம் அது. கார்டைப் பொறுத்தவரை, விநாடிக்கு 100 மெகாபிட் என்றால் மணிக்கு 45 ஜிபி. 64 ஜிபி கார்டு 80 நிமிடம் சொச்சத்தில் நிறைந்துவிடும், 128 வைத்துக்கொள்ளுங்கள்.

2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரை ஒலிபெருக்கி கூடாது, மூடிய அரங்குகளுக்கு விலக்கு உண்டு. பக்கம் திறந்த மாடியை மூடிய அரங்கு என்று யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். மருத்துவமனையைச் சுற்றியுள்ள இடத்தை அமைதி மண்டலமாக அரசு அறிவித்திருக்கலாம். சத்துவாச்சாரியில் உங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லாமல் இருக்கலாம். தோட்டப்பாளையம் பக்கம் என்றால் நான் வரவே மாட்டேன். சிஎம்சி மருத்துவமனைக்காக எங்கெங்கிருந்தோ வந்து லாட்ஜில் படுத்திருக்கும் நோயாளிகள் அங்கே ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். எப்படியும் ஒன்பதரைக்கு முடிகிற மாதிரி செட் லிஸ்டை, அதாவது பாட்டு வரிசையை, அமைக்கச் சொல்லுங்கள். முக்கியமான சொந்தப் பாட்டைக் கடைசியில் வைத்தால் நேரமாகிவிட்டதே என்று அவசரமாக ஓட்டிவிடுவார்கள். மூன்றாவது, நாலாவது இடம் நல்லது. கை சூடேறியிருக்கும், கூட்டமும் வந்து சேர்ந்திருக்கும்.

வாசலில் ஒரு பேப்பர் ஒட்டுங்கள்: "நிகழ்ச்சி படம் பிடிக்கப்படுகிறது, படத்தில் வர விரும்பாதவர்கள் இடப்பக்கச் சுவரோரம் நிற்கவும்." அந்தப் பக்கம் கேமராவைத் திருப்பாதீர்கள். ஹாஸ்டலிலிருந்தும் வீட்டிலிருந்தும் சொல்லாமல் வரும் பிள்ளைகள் உண்டு, நம் வீடியோவால் அவர்கள் வீட்டில் பிரச்சினை வரக் கூடாது. வாசிக்கிறவர்களிடமும் எழுத்தில் ஒரு சம்மதம் வாங்குங்கள். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் நிகழ்த்துகிறவருக்கென்று தனி உரிமை இருக்கிறது, நண்பர்கள் பிரிகிற நாளில் அந்த ஒரு தாள் எல்லோரையும் காப்பாற்றும். மூன்று ஆங்கிலப் பாட்டுகளை யூடியூபில் ஏற்றினால் உரிமையாளர் விளம்பர வருமானத்தை எடுத்துக்கொள்ளலாம், தடுக்கவும் செய்யலாம். ஏற்றுவதற்குச் சொந்தப் பாட்டுகளையே முதலில் எடிட் செய்யுங்கள்.

எடிட்டில் ஒலியை முதலில் முடியுங்கள், படத்தைத் தொடுவது அப்புறம்தான். டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் சாஃப்ட்வேரின் இலவசப் பதிப்பிலேயே கேமராக்களின் ஒலி அலையை வைத்து எல்லாவற்றையும் ஒட்டலாம், பல கேமராவை ஒன்றாக வைத்து வெட்டும் மல்டிகேமும் இருக்கிறது. அதற்காகவே மூன்று கேமராவிலும் ஒலிப்பதிவை அணைக்காதீர்கள். தொடக்கத்தில் மேடை நடுவில் நின்று ஒரு தடவை ஓங்கிக் கைதட்டுங்கள். ஒலி அந்த வெப்பத்தில் விநாடிக்குச் சுமார் 350 மீட்டர் போகும். பின் சுவரில் இருக்கும் போனுக்கு, 40 அடி என்றால் 12 மீட்டர், 34 மில்லி விநாடி தாமதமாகக் கேட்கும். 25 பிரேமில் ஒரு பிரேம் 40 மில்லி விநாடி. அதாவது அந்த போனின் படம் கிட்டத்தட்ட ஒரு பிரேம் தள்ளி ஒட்டியிருக்கும், டிரம்மரின் குச்சியைப் பார்த்துக் கையால் ஒரு பிரேம் நகர்த்துங்கள். அறையின் மைக்கும் 10, 12 மில்லி விநாடி தாமதம்தான். மிக்ஸர் ஒலியோடு அதை ஸ்னேர் அடியில் வைத்து நேர்செய்யாவிட்டால் டிரம்ஸ் தகர டப்பா மாதிரி கேட்கும். முதலில் அறையின் ஒலியை வைத்து, குரல் தெளிவாகும்வரை மட்டும் மிக்ஸரை ஏற்றுங்கள். சத்தம் அதிகமானதை யூடியூப் சுமார் மைனஸ் 14 லஃப்ஸ் (காதுக்குக் கேட்கும் உரப்பின் அளவு) அளவுக்கு இறக்கிவிடும், அதற்குமேல் முறுக்கி ஏற்றிப் பயனில்லை.

படத்தை வெட்டும்போது நோட்டைப் பக்கத்தில் வையுங்கள். பாடுகிறவரைக் காட்டுங்கள், அடுத்து யாருடைய வாசிப்பு எழப் போகிறதோ அவரிடம் ஒரு பார் முன்னதாகவே போங்கள். சோலோவில் கையையும் முகத்தையும் தவிர வேறெதுவும் வேண்டாம். முன்னோட்டத்துக்கு வேலூர்க் கோட்டையைக் காட்டலாம் என்று தோன்றும். அது இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் இடம், டிரைபாடோ டிரோனோ கொண்டுபோவதென்றால் முன் அனுமதி வாங்க வேண்டும். எனக்குக் கேட்டால், ஆம்ப்பைத் தூக்கிக்கொண்டு அந்தக் குறுகிய மாடிப்படியில் நாலு பேர் ஏறுகிற படம் கோட்டையைவிட நன்றாக இருக்கும்.

கடைசிப் பாட்டு முடிந்ததும் ரெக்கார்டை நிறுத்த ஓடாதீர்கள். சிம்பல் அடங்க ஏழெட்டு விநாடி ஆகும், பிறகு ஆம்ப்பின் இரைச்சல் தனியாகக் கேட்கும், அதன்மேல் கைதட்டல் ஏறும், யாராவது ஒருவர் பேர் சொல்லிக் கத்துவார். அவ்வளவும் வேண்டும். பின் சுவரில் இருக்கும் போனைக் கடைசியாக நிறுத்துங்கள், அன்றிரவே கார்டுகளை இரண்டு இடத்தில் பிரதி எடுத்துவிட்டுத் தூங்குங்கள்.